கடலுக்குள் ஓடும் ஆறு

பேராற்றில் கயாக் ஓட்டுபவரைப் பார்க்கும்போது என் கண் துடுப்பில் நிற்பதில்லை. படகின் மூக்கு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதில்தான் நிற்கும். கித்துல்கலையில் களனி கங்கை பாறைகளில் மோதி நுரைக்கிறது. சாம்பேசி போன்ற பெருநதியில் நீரின் கனமே அலையாக எழுகிறது. அதை எதிர்த்து வலிப்பவர் விரைவில் களைத்துப்போவார். தேர்ந்தவர் மூக்கை ஓட்டத்துக்கு எதிரே திருப்பி, அக்கரைப் பக்கமாகச் சற்றே சாய்த்து வைப்பார். கீழே இழுக்கும் அதே நீர் அவரை அக்கரைக்குத் தள்ளிக்கொண்டு போகும். வித்தை முழுவதும் அந்தச் சாய்வில் இருக்கிறது.

மன்னாரின் அருவியாற்றில் இந்த வித்தைக்கு இடமில்லை. கடலில் இருக்கிறது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்கு மணல் தீடைகள் வரிசையாகக் கிடக்கின்றன. வடக்கே ஆழம் குறைந்த பாக்கு விரிகுடா; தெற்கே மன்னார் வளைகுடா. தீடைகளின் இடைவெளிகளில் கடல் நெருக்குண்டு ஆறாகவே ஓடுகிறது. வாடைக் காலத்தில் தெற்கு நோக்கியும் சோளகக் காலத்தில் வடக்கு நோக்கியும் இழுக்கும். இரண்டு காற்றும் தணிந்திருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களையே நீந்திக் கடப்பவர்கள் பெரும்பாலும் தேர்கிறார்கள்.

படகும் துடுப்பும் இல்லாமல், உடம்பையே படகாக்கி பாக்கு நீரிணையின் இந்த ஓட்டத்தைக் கடந்தவர்கள் இருக்கிறார்கள். மிகிர் சென் 1966 ஏப்ரலில் 25 மணி 36 நிமிடத்தில் கடந்தார். தமிழ்நாட்டுச் சிறுவன் குற்றாலீசுவரன் 1994இல் கடந்தான். 2022இல் ஜியா ராய் என்ற 13 வயதுச் சிறுமி 13 மணி 10 நிமிடத்தில் தனுஷ்கோடியின் அரிச்சல்முனையைத் தொட்டாள். நீந்துபவர் நேரே கரையைக் குறிவைத்தால் ஓட்டம் அவரை வேறெங்கோ கொண்டுபோய்விடும். இழுப்பை முன்கூட்டியே கணித்து, அதற்கு எதிர்ப்பக்கமாகத் தலையைத் திருப்பி நீந்த வேண்டும். அந்தக் கணிப்பில் துணைப்படகில் வருபவருக்கும் பங்குண்டு. நீரில் இருப்பவருக்கு அலையும் வானமும்தான் தெரியும். திசையைக் காட்டுபவர் படகுக்காரர்.

என் ரசனையில் முதலிடம் வல்வெட்டித்துறை வி. எஸ். குமார் ஆனந்தனுக்கு. 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய், திரும்பியும் நீந்தி வந்தார். எடுத்த நேரம் 51 மணி. அதைப் பொறுமையின் சாதனை என்று மட்டும் போற்றுவது குறைவாகவே படுகிறது. போகும்போது ஒரு தோளில் மோதிய ஓட்டம் திரும்பும்போது மறு தோளில் மோதும். இடையே வற்றும் பெருக்கும் மாறும், பகல் இரவாகும், காற்றும் திரும்பும். போகையில் கற்ற கணக்கு வருகையில் உதவாது. களைத்த உடம்போடு அதே நீரைப் புதிதாக வாசித்தவர் அவர்.

பாக்கு நீரிணையை ஒருவர் கடந்த செய்தி வந்தால் எத்தனை மணி நேரம் என்று கேட்கிறோம். எந்த ஓட்டத்தில், எந்தப் பக்கம் சாய்ந்து வந்தார் என்றும் கேட்போம். அந்தக் கேள்விக்கான விடையில்தான் கலைஞர் தெரிவார்.