‘பேக்கேஜ் கிடைக்கவில்லை’ - தவறு யாருடையது?

நீங்கள் பாகூரிலோ வில்லியனூரிலோ பள்ளியில் படிப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். வீட்டிற்குப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்து சேர்கிறது. அதில் இருப்பது உபுண்டு லினக்ஸ். இரவு வானத்தை அப்படியே திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் என்ற மென்பொருள் இலவசம் என்று கேள்விப்படுகிறீர்கள். நண்பர் எழுதித் தந்த கட்டளையை டைப் செய்கிறீர்கள். பேக்கேஜைக் கண்டுபிடிக்க இயலவில்லை என்று ஆங்கிலத்தில் ஒற்றை வரி வருகிறது. அவ்வளவுதான்!

பிழை எங்கே? பெயரின் முதல் எழுத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தாக அடித்திருக்கலாம். பேக்கேஜின் பெயரோ முழுவதும் சிறிய எழுத்து. கம்ப்யூட்டர் தன்னிடமுள்ள பட்டியலைப் புதுப்பிக்காமல் இருந்திருக்கலாம். இணையத் தொடர்பே இல்லாததால் பட்டியல் வந்தே சேராமலும் இருந்திருக்கலாம். வியாதிகள் மூன்று, சொல்லப்படும் அறிகுறி ஒன்றே. மாணவரோ தமக்கு அறிவு போதாது என்று எண்ணி மூடி வைத்துவிடுகிறார். நான் குறை கூறுவது இதைத்தான்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் கெட்டிக்காரர்கள் என்பதில் ஐயமில்லை. உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியன் 1993இல் தோன்றியது. ஒரு மென்பொருளுக்குத் தேவையான துணைப் பேக்கேஜ்களைத் தானே தேடி எடுத்துவரும் ‘ஆப்ட்’ என்ற கருவி 1999இல் அதன் வெளியீட்டில் இடம் பெற்றது. துணைகள் எதற்கு என்கிறீர்களா? தெருவுக்கு ஒரே ஆட்டுக்கல் இருந்தால் வீட்டுக்கு வீடு கல் வாங்க வேண்டாமல்லவா? அதுபோலப் பல மென்பொருள்கள் ஒரே துணையைப் பகிர்ந்து கொள்ளுகின்றன. இடம் மிச்சம். ஆனால் ஆட்டுக்கல் வந்து சேராவிட்டால் தெரு முழுவதற்கும் மாவு இல்லை!

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். நிறுவும்போது நடுவில் மின்சாரம் போய்விட்டால், மறுமுறை ‘வேலை தடைப்பட்டது, இந்தக் கட்டளையைக் கொடுங்கள்’ என்று மருந்தையும் சேர்த்தே இயந்திரம் சொல்லுகிறது. நல்ல செய்தி என்பது இதுவே. முதலில் கண்ட வரிக்கும் இந்த மரியாதையைக் கொடுத்திருக்கலாமே!

ஆனால் பெரிய குறை வேறு. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் எந்நேரமும் இணையத்தோடு இணைந்திருக்கும் என்று இந்த ஏற்பாடு எண்ணிக் கொள்ளுகிறது. முன்பு உபுண்டு குறுந்தகடுகளைத் தபாலில் இலவசமாகவே அனுப்பினார்கள், 2011இல் நிறுத்திவிட்டார்கள்.

நம் வில்லியனூர் இதற்கு வேறு வழியைக் காட்டியிருக்கிறது. 1998இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு மையத்தை அமைத்தது. வெளியிலிருந்து செய்திகள் அந்த ஓரிடத்திற்கு வரும். அங்கிருந்து வயர்லெஸ் மூலம் எம்பலம் முதலிய கிராம மையங்களுக்குப் போகும். கடலின் அலை உயரம் பற்றிய முன்னறிவிப்பு ஒருமுறை இணையத்திலிருந்து எடுக்கப்பட்டு, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் மீனவர் அனைவருக்கும் சொல்லப்பட்டது. ஒவ்வொரு மீனவரும் கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டியிருக்கவில்லை. பாகூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியே ஏரிக்கு வருகிறது, ஏரியிலிருந்து வயலுக்குப் போகிறது. ஒவ்வொருவரும் குடத்தை எடுத்துக்கொண்டு ஆற்றுக்கு ஓடுவதில்லை.

பேக்கேஜ்களுக்கும் அத்தகைய ஏரி ஒன்றைப் பள்ளியிலோ நூலகத்திலோ வைக்கலாம். ஒரே கம்ப்யூட்டரில் நகலெடுத்து வைத்தால் போதும். தனியாருக்கு ‘ஆப்ட்-ஆஃப்லைன்’ என்றொரு கருவியும் இருக்கிறது. வீட்டுக் கம்ப்யூட்டர் தன் தேவைகளைச் சிறு கோப்பாக எழுதித் தரும். அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொண்டு இணையமுள்ள இடத்திற்குப் போனால், துணைகள் உட்பட எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வரலாம். அருமையான யோசனை! ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: உபுண்டுவில் இந்தக் கருவியையே முதலில் தனியாக நிறுவியாக வேண்டும். அதற்கு இணையம் வேண்டும்.