முத்திரை இருந்தால் யோக்கியமா?

2023 நவம்பர் 12 முதல் உரிமம் பெறாத ஜாய்ஸ்டிக்குகளையும் அடாப்டர்களையும் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் கன்சோல் முடக்கத் தொடங்கியது. நிறுவனம் சொன்ன காரணம் பாதுகாப்பும் செயல்திறனும்தான். ‘ஏமாற்றுக்காரர்களின் கொட்டம் அடங்கியது’ என்பது ரசிகர்கள் சூட்டிய மகுடம். இன்றும் அதைக் கழற்றாமல் வைத்திருக்கிறார்கள்.

ஏமாற்று நடக்கிறது, மறுக்கவில்லை. குரோனஸ் ஜென் என்ற அடாப்டர், ஆட்டத்தில் துப்பாக்கியின் உதைப்பைத் தானே சரிசெய்துவிடும். எக்ஸிம் என்ற இன்னொரு அடாப்டர், மவுஸின் அசைவை ஜாய்ஸ்டிக் அசைவாக மாற்றி அனுப்பும். கட்டைவிரலால் குறிபார்ப்பவருக்கு உதவியாக ஆட்டமே வைத்த எய்ம் அசிஸ்ட் மவுஸ்காரருக்கும் சேர்த்துக் கிடைக்கும். ‘குறிபார்ப்பது நான்தானே’ என்பது வெறும் சால்ஜாப்பு.

ஆனால் அந்தத் தடையில் சிக்கியது யார்? கன்சோல் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறது: உன்னிடம் உரிம முத்திரை இருக்கிறதா? எக்ஸிம், குரோனஸ் வைத்திருப்பவர் அசல் ஜாய்ஸ்டிக் ஒன்றை அதே அடாப்டரில் செருகிவைக்கிறார். கேள்விக்கு அசல் பதில் சொல்கிறது. ஆட்டத்தை அடாப்டர் ஆடுகிறது. முத்திரையில்லாத மலிவு ஜாய்ஸ்டிக்கை வாங்கி நேர்மையாக ஆடியவன் வெளியே நிற்கிறான். புரூக் நிறுவனத்தின் அடாப்டரை நம்பிப் பழைய ஃபைட் ஸ்டிக்கை வைத்திருந்த சண்டை விளையாட்டுக்காரர்களுக்கும் அதே கதிதான். அங்கே எய்ம் அசிஸ்ட் என்ற பேச்சே கிடையாது!

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏல மையத்தில் மூட்டையின் முத்திரையைப் பார்த்து யாரும் விலை கேட்பதில்லை. மாதிரிக் காயைக் கையில் எடுத்து நிறமும் பருமனும் பார்ப்பார்கள், சாயம் ஏறியிருக்கிறதா என்று சந்தேகப்படுவார்கள். காயைச் சோதிக்கத் தெரிந்த இந்த ஊரில், போடிமெட்டுக்கு ஏறும் சரிவுகளில், கன்சோல் உள்ள வீடுகள் குறைவு. இருக்கிற வீட்டிலும் ஜாய்ஸ்டிக் பழுதானால் அசல் விலை கொடுத்து இன்னொன்று வாங்க எல்லோராலும் ஆகாது. நிறுவனம் ‘பாதுகாப்பு’ என்றது இவர்கள் காதில் ‘எங்களிடமே வாங்கு’ என்றுதான் விழும். அப்படி விழுந்தால் தப்பு காதில் இல்லை.

இதற்கு வேறு வழியே இல்லையா? அதே 2023இல் யூபிசாஃப்ட் நிறுவனம், ரெயின்போ சிக்ஸ் சீஜ் ஆட்டத்தில் ‘மவுஸ்டிராப்’ என்ற முறையைக் கொண்டுவந்தது. எந்தப் பெட்டி செருகியிருக்கிறது என்பதை அது பொருட்படுத்தவில்லை. கை அசைவு மவுஸின் அசைவா என்று பார்த்தது. பிடிபட்டவரின் உள்ளீட்டைத் தாமதமாக்கியது. அடாப்டரைக் கழற்றிவிட்டுச் சில ஆட்டங்கள் ஆடினால் தாமதமும் போய்விடும். ஏமாற்றுவதால் கிடைத்த ஆதாயத்தை மட்டும் பறித்து, ஆளை விட்டுவிடுகிற தண்டனை. கால் ஆஃப் டியூட்டி ஆட்டத்தின் ஏமாற்றுத் தடுப்பு முறையான ரிகோஷே எச்சரித்துவிட்டுப் பிறகு தடைசெய்வது இதைவிடக் கடுமை. ஆனாலும் அதுவும் அசைவைத்தான் பார்க்கிறது.

அசைவை அளப்பதிலும் ஓட்டை உண்டு. கையில் வலுவில்லாமல் காலாலோ வாயாலோ ஆடுபவரின் அசைவு எந்தக் கணக்கிலும் அடங்காது. அவருக்கு முறையிட ஒரு வாசல் வேண்டும், அதில் மனிதர் ஒருவர் இருந்து பதில் சொல்ல வேண்டும். முத்திரைச் சோதனையில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை: கன்சோல் மறுத்தால் மறுத்ததுதான்.

ஏமாற்றுபவன் இன்னொரு ஜாய்ஸ்டிக் செலவோடு தப்பித்துக்கொள்கிறான். ஏமாற்றாதவன் ஜாய்ஸ்டிக்கையே இழக்கிறான். இதை ஏமாற்று ஒழிப்பு என்று கொண்டாடுவதை நிறுத்துங்கள். இது உதிரிபாக வியாபாரம்.