வாசலை அடைத்த கறுப்புக் காய்

மூன்று போர்டுகள் முடிந்தபோது 17-0 என்று முன்னணியில் நின்ற ஜோடி, அடுத்த ஐந்து போர்டுகளில் ஒன்றைக்கூடக் கைப்பற்றாமல் 17-25 என்று தோற்றதற்கு அதிர்ஷ்டத்தின்மீது பழியைப் போடுவது சுலபம். ஆனால் சென்ற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சேலையூரில் ஒரு நண்பர் வீட்டுக் கூடத்தில் நடந்த கேரம் ஆட்டத்தில் அவ்விதம் தோற்றவர்களுள் அடியேனும் ஒருவன் ஆகையால், அந்தச் சமாதானத்தை ஏற்க மனம் சம்மதிக்கவில்லை.

வீட்டு ஆட்டமானாலும் விதிகளில் சலுகை கிடையாது என்பது வீட்டுக்காரரின் பிடிவாதம். நம் தெருக்களில் சிவப்புக்கு ஐந்து புள்ளி கொடுப்பதே வழக்கமாயிருக்க, 1988-ல் சென்னையிலேயே தோன்றிய சர்வதேச கேரம் சம்மேளனத்தின் விதி மூன்றோடு நிறுத்திக்கொள்கிறது. தன் ஒன்பது காய்களையும் முதலில் போட்டு முடித்தவருக்கு, எதிராளியின் காய்கள் பலகையில் எத்தனை மிஞ்சினவோ அத்தனை புள்ளி. சிவப்பை எடுத்து, தொடர்ந்து தன் காய் ஒன்றை ஃபாலோவாகவும் போட்டிருந்தால் கூடுதலாக மூன்று. 25 புள்ளியோ எட்டு போர்டோ, எது முந்துகிறதோ அதோடு கேம் முடிவடையும்.

முதல் மூன்று போர்டுகளில் எங்கள் கை ஓங்கியிருந்ததற்குக் காரணம் வேகம். கண்ணில் பட்ட சுலபமான காயை உடனே போட்டோம்; 5, 7, 5 என்று புள்ளிகள் சேர்ந்தன. நான்காவது போர்டில் ஒரே கையில் ஆறு வெள்ளைகளை நான் குழிக்குள் அனுப்பியபோது கூடத்தில் கைதட்டல் எழுந்தது. தோல்வியின் வித்து அந்தக் கைதட்டலில்தான் இருந்தது என்பதை அப்போது யாரும், முக்கியமாக நான், உணரவில்லை. ஏனென்றால் என் காய்கள் ஆறு மறைந்தவுடன் எதிராளியின் கறுப்புகளுக்கு இடைஞ்சலாக இருந்த ஆறு தடைகளும் மறைந்தன. எஞ்சிய மூன்று வெள்ளைகளோ கறுப்புகளின் நெருக்கத்திலே சிக்கிக் கிடந்தன.

எதிர் ஜோடியில் ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். என் வலப்பக்கத்துக் குழியின் வாயிலேயே அவருடைய கறுப்புக் காய் ஒன்று நின்றது. குழந்தை ஊதினாலும் உள்ளே விழுந்துவிடும். அவரோ அதைத் தொடாமல், தூரத்தில் கிடந்த வேறொரு காயை மெல்லத் தட்டி நகர்த்தினார். “ஏன் சார், சும்மா கிடக்கிறதை விட்டுட்டீங்களே?” என்று கேட்டேன். “அது எங்கே போயிடப் போகுது சார்? உங்க வெள்ளைக்கு வாசல் அடைச்சிருக்கு, இருக்கட்டும்” என்றார். அந்தக் குழியை நோக்கி நான் வெள்ளையை அடித்தால் முதலில் விழுவது அவர் காயாகத்தானே இருக்கும்! சிவப்பும் மூன்று வெள்ளைகளும் சேர்ந்து அந்த போர்டு அவருக்கு ஆறு புள்ளிகளை ஈட்டித் தந்தது.

அதன்பின் மழை பிடித்துக்கொண்டது. தாம்பரத்து ஐப்பசி ஈரம் பலகையில் ஏறிவிட்டால் போரிக் பவுடர் திப்பி திப்பியாக ஒட்டிக்கொள்ளும்; ஸ்ட்ரைக்கர் பாதி வழியிலேயே களைத்து நிற்கும். நான் விரலின் வேகத்தைக் கூட்டினேன். ஆறாவது போர்டில் ஸ்ட்ரைக்கரே இரண்டு முறை குழிக்குள் இறங்க, போட்ட காய்களில் இரண்டைத் திருப்பி நடுவில் வைக்க நேர்ந்தது. பெரியவரோ வேகத்தைக் கூட்டாமல் தூரத்தைக் குறைத்தார்: தம் பேஸ் லைனுக்கு எதிரே தெரியும் குழிகளுக்கு அருகில் காய்களைக் கொண்டுவந்து சேர்த்த பிறகே போடத் தொடங்கினார். அந்த ஒரு போர்டில் மட்டும் எட்டுப் புள்ளிகள் போயின.

1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்று, 1996-ல் அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயமும், வியாசர்பாடி இளவழகியும், 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் நம் சென்னைக்காரர்களே. இவர்கள் தரத்து ஆட்டக்காரர்கள் முதல் கையிலேயே ஒன்பது காய்களையும் முடித்து ஸ்லாம் அடிப்பதைக் கண்டு, வேகமே வித்தை என்று நம் போன்றோர் மயங்கிவிடுகிறோம். அவர்கள் முதல் காயைத் தொடுமுன்பே கடைசிக் காய்க்கு வழி பார்த்துவிடுகிறார்கள். நாமோ சுலபமானதை முதலில் தீர்த்துவிட்டுக் கஷ்டமானதை அநாதையாக விடுகிறோம். ஆறு போட்டு மூன்றை விட்டது மூன்றில் இரண்டு பங்கு வெற்றி ஆகாது.

ஆட்டம் முடிந்து பஜ்ஜித் தட்டு காலியான பிறகு, பெரியவர் அந்த நான்காவது போர்டின் காய்களை நினைவிலிருந்தே மறுபடி அடுக்கிக் காட்டினார். வழி ஒன்று இருக்கத்தான் செய்தது: வாசலில் நின்ற கறுப்பை நானே தட்டி உள்ளே தள்ளியிருக்கலாம். எப்படியும் அவருக்குச் சேரவேண்டிய காய்தான். என் கை ஒன்று போயிருக்கும், குழி திறந்திருக்கும். எதிராளியின் காயை நாமே போட்டுக் கொடுப்பதா என்ற வெட்கம் அந்த யோசனையை என் கண்ணுக்கே காட்டவில்லை.