மைண்ட் மேப் போட்டால் வார்த்தை மனசுல நிற்குமா?

வெளிநாட்டு மொழி படிக்க ஆரம்பிக்கிறவர்களிடம் பலரும் சொல்கிற யோசனை இது: "மைண்ட் மேப் போடுங்க, வார்த்தை தானா மனசுல உட்கார்ந்துடும்." நடுவில் 'சாப்பாட்டு மேசை'ன்னு எழுதணும், அதிலிருந்து கலர் கலராகக் கிளைகள், கிளைக்கு ஒரு சொல். 1974-ல் பிபிசி தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் வழியாக டோனி பூசான் பிரபலமாக்கிய முறை. ஏற்கெனவே புரிந்த விஷயத்தைத் தொகுத்துக்கொள்ள அது நல்ல கருவிதான். புதுச் சொற்களை மனப்பாடம் செய்யவும் அதுவே சரியா என்பதுதான் கேள்வி.

ஜெர்மனையே எடுத்துக்கொள்வோம். கரண்டி 'டேர் லோஃபல்', ஆண்பால். முள்கரண்டி 'டீ காபல்', பெண்பால். கத்தி 'டாஸ் மெஸ்ஸர்', இரண்டும் இல்லாத பால். தமிழில் மூன்றுமே அஃறிணை என்பதால் நமக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கொம்பும் கிடையாது. இந்த மூன்றையும் ஒரே நாளில், ஒரே படத்தில், பக்கத்துப் பக்கத்துக் கிளையில் மாட்டினால் என்ன ஆகும்? எதற்கு டேர், எதற்கு டீ என்று குழம்பும். கிளைக்கு ஒரே சொல் என்பது பூசானின் விதி. அதை அப்படியே கடைப்பிடித்தால் அந்த டேரும் டீயும் படத்தில் ஏறவே ஏறாது.

இது வெறும் ஊகம் இல்லை. 1993-ல் டிங்க்ஹாம் செய்த சோதனையில், ஒரே வகைச் சொற்களைச் சேர்த்துப் படித்தவர்களுக்கு, தொடர்பில்லாத சொற்களைப் படிப்பதைவிட அதிக முயற்சி தேவைப்பட்டது. 1997-ல் வேரிங் ஜப்பானியர்களிடம் செய்த சோதனையிலும் கிட்டத்தட்ட அதே முடிவு. ஆனால் ஒரே காட்சியைச் சேர்ந்த சொற்கள், அதாவது பசி, முள்கரண்டி, சூடான, கொண்டுவா, பில் மாதிரி, இப்படி மோதிக்கொள்வதில்லை என்பதையும் டிங்க்ஹாம் 1997-ல் காட்டினார். ஒன்று பெயர், ஒன்று வினை, ஒன்று பண்பு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வாயில் வர வழியில்லை.

அடுத்த சிக்கல், புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டே படம் போடுவது. 2011-ல் கார்பிக்கேயும் பிளண்ட்டும் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு சொற்களைப் பற்றியது அல்ல, அறிவியல் பாடங்களைப் பற்றியது. அதில் இருந்ததும் மைண்ட் மேப்பின் உறவினரான கான்செப்ட் மேப். இருந்தாலும் நமக்கு அதில் பாடம் இருக்கிறது. பாடத்தைப் பார்த்து மேப் போட்டவர்களைவிட, மூடிவைத்து நினைவிலிருந்து எழுதியவர்கள் ஒரு வாரம் கழித்து நன்றாகவே பதில் சொன்னார்கள். கடைசித் தேர்வே மேப் போடுவதாக இருந்தபோதும் அதே கதைதான்! வேடிக்கை என்னன்னா, நினைவிலிருந்து எழுதினால் குறைவாகத்தான் நிற்கும் என்று மாணவர்கள் முன்கூட்டியே கணித்திருந்தார்கள். அழகான படம் கொடுக்கும் 'படிச்சாச்சு' என்ற திருப்தியை நம்ப முடியாது.

அதனால் மைண்ட் மேப்பைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. நடுவில் பொருள்வகைக்குப் பதில் ஒரு காட்சியை வையுங்கள். ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் டேர், டீ, டாஸோடு சேர்த்தே எழுதுங்கள். மறுநாள் பழைய படத்தைப் பார்க்காமல், வெள்ளைத்தாளில் மறுபடி போட்டுப் பாருங்கள். எந்தக் கிளை காலியாக நிற்கிறதோ, அன்றைக்குப் படிக்க வேண்டியது அதைத்தான்.