மறையுரை மேடையும் ஒரு கொலை வழக்கும்

நாம் குருமடத்தில் பயின்ற நாள்களில் வால்டேரின் பெயர் மறுத்துரைப்பதற்காகவே எடுக்கப்படும். அவருடைய நூல் எதையும் நாம் திறந்து பார்த்ததில்லை. 1763-இல் வெளிவந்த அவரது 'சகிப்புத்தன்மை பற்றிய ஆய்வுரை'யை அண்மையில் ஆங்கில வழியாக முழுமையாக வாசித்தோம். மறுப்பு எழுதும் எண்ணத்தோடு எடுத்த நூல் நம்மை ஆன்ம சோதனைக்கு இட்டுச் சென்றது.

நூலுக்கு வித்திட்டது ஒரு கொலை வழக்கு. பிரான்சின் துலூஸ் நகரில் துணி வணிகம் செய்துவந்தவர் ழான் கலாஸ். கத்தோலிக்கர் நிறைந்த அவ்வூரில் அவர் கால்வின் சபையைச் சார்ந்தவர். 1761 அக்டோபர் 13 இரவு, அவருடைய மூத்த மகன் மார்க் அந்துவான் வீட்டின் கீழ்த்தளத்துக் கடையில் இறந்துகிடக்கக் காணப்பட்டார். தற்கொலை செய்துகொண்டவரின் உடலைத் தெருவழியே இழுத்துச் செல்வது அக்கால வழக்கம். அந்த இழிவுக்கு அஞ்சிய குடும்பத்தார், மகன் தூக்கில் தொங்கியதை முதலில் மறைத்தனர். அதற்குள் வாசலில் கூடிய கூட்டத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது: கத்தோலிக்கராக விரும்பிய மகனைத் தந்தையே கொன்றுவிட்டார்! வதந்தி வழக்காயிற்று.

1762 மார்ச் 9 அன்று, துலூஸ் உயர் நீதிமன்றத்தின் 13 நீதிபதிகளுள் 8 பேர் மரண தண்டனைக்கு இசைந்தனர். மறுநாள் கலாஸ் வதைக்கப்பட்டு, சக்கரத்தில் எலும்புகள் முறிக்கப்பட்டு இறந்தார். இறுதிவரை தாம் குற்றமற்றவர் என்றே சொன்னார்.

நூலின் வலிமை, இவ்வழக்கை ஆராயும் தொடக்கப் பகுதியில் இருக்கிறது. கால் வீங்கித் தளர்ந்த முதியவர், 28 வயது மகனைத் தனியாகத் தூக்கிலிட முடியுமா? வீட்டிலிருந்த அனைவரும் சேர்ந்து செய்திருந்தால், தந்தைக்கு மட்டும் மரணம் ஏன்? கத்தோலிக்கப் பணிப்பெண்ணும் அவ்வீட்டில் இருந்தாரே. மற்றொரு மகன் கத்தோலிக்கராகத் துணைநின்ற அவர், இக்கொலைக்கும் துணைபோவாரா? வால்டேரின் இக்கேள்விகளுக்கு விடை சொல்வது எளிதன்று.

எனினும் வாதியின் வேகம் அவரையும் விட்டுவைக்கவில்லை. 63 வயதான கலாஸுக்கு அவர் 68 என்று எழுதுகிறார். துலூஸை விட்டுப் பழங்கால வரலாற்றுக்குள் செல்லும்போது நூல் தளர்கிறது. உரோமையர் கையில் நம் மறைசாட்சிகள் பட்ட பாடுகளைக் குறைத்துக் காட்டுகிறார். யூதர்களைப் பற்றி அவர் எழுதும் ஏளனமோ, சகிப்புத்தன்மையைப் பேசும் நூலுக்கே பொருந்தாதது. ஒரு குடும்பத்தின் கண்ணீர் கண்முன் நின்றவரை நேர்மையாக நடந்த எழுதுகோல், அது மறைந்ததும் சறுக்குகிறது.

ஆயினும் அவருடைய பிழைகளை எண்ணி நாம் தப்பித்துக்கொள்ள இயலாது. இவ்வழக்கில் சாட்சிகளைத் தேடியது எச்சரிக்கை மடல் ஒன்று. அது ஆலயங்களில், நம்மைப் போன்ற குருக்களால், மறையுரை மேடையிலிருந்து வாசிக்கப்பட்டது. அறிந்ததை மறைப்போருக்குச் சபை விலக்கம் காத்திருந்தது. ஆனால் அம்மடல் குற்றத்தை நிலைநாட்டும் செய்திகளை மட்டுமே கேட்டது. கலாஸ் குற்றமற்றவர் என அறிந்தோரை அது அழைக்கவேயில்லை. தீர்ப்புக்கு முன்பே இறந்த இளைஞரை மறைசாட்சியாகப் போற்றி ஆடம்பரமாக அடக்கமும் செய்தாயிற்று. அதன்பின் எந்த நீதிபதி துணிவார்?

வால்டேரும் முதலில் கலாஸை ஐயுற்றவரே. ஆனால் அவர் விசாரித்தார். மகன்களை அழைத்துக் கேட்டார். வழக்கு முடியுமுன்பே நூலை வெளியிட்டார். 1764 ஜூன் 4 அன்று அரசவை தீர்ப்பை நீக்கியது. 1765 மார்ச் 9 அன்று, தண்டனை விதித்து மூன்றாண்டு நிறைந்த அதே நாளில், கலாஸ் குற்றமற்றவர் என ஒருமனதாக அறிவிக்கப்பட்டது.

மறு ஆண்டே இந்நூல் திருச்சபையின் தடைநூல் பட்டியலில் சேர்ந்தது. அப்பட்டியல் 1966-இல் நடைமுறையிலிருந்து நீங்கியது. அதற்கு முந்திய ஆண்டில், 1965 டிசம்பர் 7 அன்று, இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமய உரிமை பற்றிய ஏட்டை வெளியிட்டது. நாம் இருநூறு ஆண்டுகள் கழித்துச் சொன்னதை, நாம் தடைசெய்த நூல் முன்பே சொல்லியிருந்தது.

ஞாயிறுதோறும் அறிவிப்புகளை வாசிக்க அதே மேடையில் ஏறுகிறோம். பங்கில் ஒருவரைப் பற்றி ஊர் முணுமுணுக்கும் நாள்களும் உண்டு. அவர் சார்பாகப் பேச யாரேனும் உண்டா என்று, இனி முதலில் நாம் கேட்போமாக.