தமிழ்க் குறும்படைப்புகளில் பெண்களின் தன்பாலினக் காதல்

பெண்ணைக் காதலிக்கும் பெண்ணை மையமாகக் கொண்ட தமிழ்த் திரைப்படைப்புகள் மிகக் குறைவு. அவற்றுள் கவனம் பெற்ற சில, ஆவணப்படம், ஆந்தாலஜியின் ஒரு பகுதி, இசைக்காணொளி ஆகிய குறுவடிவங்களில் வெளிவந்தன. இவற்றை ஒப்பிடும்போது ஒரு கேள்வி முதன்மையாகிறது: அந்தப் பெண் தன் காதலைச் சொன்ன பிறகு படைப்பு அவளை என்ன செய்கிறது?

பின்புலம்

தீபா மேத்தாவின் ‘ஃபயர்’ (1996) இந்தியாவில் 1998-இல் திரையிடப்பட்டபோது மும்பை, டெல்லி திரையரங்குகள் தாக்கப்பட்டன. குமரி மாவட்டப் பார்வையாளர்களுக்கு அயலானதல்லாத மலையாளத் திரையுலகில் இப்பொருள் அதற்கு முன்பே பேசப்பட்டது. பத்மராஜனின் ‘தேசாடனக்கிளி கரையாறில்லா’ (1986) பள்ளிச் சுற்றுலாவிலிருந்து தப்பியோடும் இரு மாணவியரின் கதை. அவர்களின் உறவுக்குப் படம் பெயர் சூட்டுவதில்லை. இருவரும் இறுதியில் இறக்கிறார்கள். லிஜி புல்லப்பள்ளியின் ‘சஞ்சாரம்’ (2004) படத்தில் கிரண், தன் தோழி தெலீலாவை விரும்பும் ஓர் ஆணுக்காகக் காதல் கடிதங்கள் எழுதித் தருகிறாள். கடிதத்தில் இருப்பது அவளுடைய சொந்தக் காதல். இறுதியில் அவள் சாவின் விளிம்புவரை சென்று, வாழ்வதைத் தேர்ந்தெடுக்கிறாள். இவ்விரு முடிவுகளுக்கும் இடையிலான தூரமே இவ்வகைப் படங்களின் வளர்ச்சியை அளக்க உதவும் கோல்.

லேடீஸ் அண்ட் ஜென்டில்விமன்

மாலினி ஜீவரத்தினம் இயக்கி, பா. ரஞ்சித்தின் நீலம் தயாரித்த இந்த ஆவணப்படம் 2017-இல் வெளிவந்தது. தன்பாலின உறவு குற்றம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6-இல் தீர்ப்பளிப்பதற்கு முன்பே இது எடுக்கப்பட்டது. பெண் இணைகளின் தற்கொலைகளுக்குப் பின்னால் இருக்கும் குடும்ப, சமூக அழுத்தத்தை இப்படம் பேசுகிறது. செய்தித்தாளில் ‘தோழிகள் தற்கொலை’ என்று ஓரிரு வரிகளில் முடிந்துவிடும் சாவுகளுக்குள் ஒரு காதல் இருந்திருக்கலாம் என்று கேட்க வைப்பதே இதன் வலிமை.

லவ் பண்ணா உட்றனும்

2020 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘பாவக் கதைகள்’ ஆந்தாலஜியில் விக்னேஷ் சிவன் இயக்கிய பகுதி இது. அஞ்சலி இரட்டைச் சகோதரிகளாக நடித்துள்ளார். சாதி மீறிக் காதலித்த ஆதிலட்சுமி தந்தையின் ஆட்களால் கொல்லப்படுகிறாள். மற்றவளான ஜோதிலட்சுமியும் அவள் தோழி பெனலோப்பும் (கல்கி கேக்லான்) காதலர்கள் என்று சொல்லப்படுகிறது. சாதியை மீறினால் கொலை என்று விடை வைத்திருக்கும் ஒரு தந்தை இதற்கு என்ன விடை சொல்வான் என்பது கூர்மையான கேள்வி. ஆனால் அந்தக் காதல் பொய், ஜோதிலட்சுமி நேசிப்பது ஓர் ஆணை என்று கதை திரும்புகிறது. கேள்வியை எழுப்பிய படமே அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. ஆண்–பெண் காதலைக் காக்கும் தந்திரமாகவும் நகைச்சுவைத் திருப்பமாகவும் தன்பாலின அடையாளம் சுருங்கிவிடுகிறது. ‘இது உண்மையல்ல, மாறிவிடும்’ என்று வீடுகளில் சொல்லப்படுவதற்கு இது அறியாமலே துணைபோகிறது.

இதன் விளைவு சிறியதல்ல. படம் வெளியான சில மாதங்களில், குடும்பத்தின் எதிர்ப்பால் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகினர். 2021 ஜூன் 7-இல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த உத்தரவு, பாலின ஈர்ப்பை மருத்துவத்தால் ‘மாற்றும்’ முயற்சிகளைத் தடை செய்தது. இதைப் புரிந்துகொள்ளத் தாமே உளவியல் ஆலோசனை அமர்வுக்குச் சென்றதையும் அவர் பதிவுசெய்தார். திரையில் சாக்காகச் சொல்லப்பட்டதை இவர்கள் நீதிமன்றத்தில் உண்மையென்று நிறுவ வேண்டியிருந்தது.

மகிழினி

வி.ஜி. பாலசுப்ரமணியன் இயக்கிய இந்த இசைக்காணொளி 2021-இல் வெளியானது. இசை கோவிந்த் வசந்தா. நடித்தவர்கள் கௌரி கிஷன், அனகா. இரு பெண்களின் ஈர்ப்பு இதில் நடனத்தின் வழியே மலர்கிறது. தமிழ்த் திரைப்பாடல் ஆண்–பெண் காதலுக்குக் காலங்காலமாக அளித்துவந்த அழகையும் நெருக்கத்தையும் இது தயக்கமின்றி இவர்களுக்கு அளிக்கிறது. ஒரு பாடலின் நேரத்துக்குள் வேலை, வாடகை வீடு, சாதி போன்ற சிக்கல்களுக்கு இடமில்லை என்பது இதன் எல்லை.

மதிப்பீடு

ஆவணப்படம் சாவிலிருந்து தொடங்குகிறது. ஆந்தாலஜி பொய்யில் முடிகிறது. பாடல் காதலைக் காதலாகக் காட்டுகிறது. இவற்றுக்கு இடையே விடுபட்டிருப்பது அன்றாடம். தன்னை அறிந்துகொண்ட பெண் மறுநாள் காலை எங்கே எழுகிறாள், யாரோடு உண்கிறாள், தாயிடம் என்ன பேசுகிறாள் என்பதைச் சொல்லக் குறும்படமே ஏற்ற வடிவம். பெரிய திருப்பமோ தீர்வோ அதற்குத் தேவையில்லை. அவள் சொன்னதை உண்மையென்று ஏற்று, அவளை உயிரோடு விட்டுவைப்பதே அதன் முதல் தேவை.