குனிந்து பார்க்க வேண்டிய பூக்கள்

பிரிட்டனின் கிராமப்புறத்தில் வயல்களுக்கு ஊடாகவும் காட்டோரமாகவும் செல்லும் பொதுப் பாதைகளில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம். வசந்தத்தில் அந்தப் பாதையோரம் பூப்பவற்றில் பல, முழங்கால் உயரம்கூட வராதவை. நிமிர்ந்தே நடப்பவருக்கு அவை வெறும் நிறத் தீற்றல்களாகத்தான் தெரியும். மண்டியிட்டு, சில சமயம் வயிறு மண்ணில் படப் படுத்து, பூவின் மட்டத்துக்குக் கண்ணைக் கொண்டுபோனால்தான் அதன் முகம் பிடிபடும். கேமராவோடு நடப்பதன் முதல் லாபம் இதுதான்: அது நம்மைக் குனிய வைக்கிறது.

ஒரு பூ எப்படி வாழ்கிறது என்று சொல்லும் படத்தையே நல்ல காட்டுப்பூப் படம் என்பேன். அழகு அதன் பின்னாலேயே வந்துவிடும்.

மார்ச், ஏப்ரலில் வேலியோரங்களில் பூக்கும் பிரிம்ரோஸைப் பாருங்கள். வெளிர் மஞ்சளில் ஐந்து இதழ்கள், நடுவே அடர்மஞ்சள் வட்டம், அதன் மையத்தில் ஒரு சிறு துளை. சில செடிகளில் அந்தத் துளைக்குள்ளிருந்து குண்டூசித் தலைபோல ஒரு பச்சை உருண்டை எட்டிப் பார்க்கும். அதுதான் மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி. பக்கத்துச் செடியில் உருண்டையைக் காணோம். ஐந்து மகரந்தப்பைகள் வட்டமாகக் கூடித் துளையின் வாயை அடைத்திருக்கும். முதல் வகையில் சூலகமுடி மேலே, மகரந்தப்பைகள் குழலின் உள்ளே, இரண்டாவதில் நேர்மாறு. ஒரு வகையின் மகரந்தம் பூச்சியின் உடலில் எங்கே ஒட்டுகிறதோ, அந்த இடம்தான் மறுவகையின் சூலகமுடியில் உரசும். இப்படித்தான் அயல் மகரந்தச் சேர்க்கை நடக்கிறது. டவுன் என்ற கிராமத்தில் வாழ்ந்த இயற்கையியலாளர் சார்லஸ் டார்வின் இதை ஆராய்ந்து 1862இல் வெளியிட்டார். இது தெரிந்தவர் ஃபோகஸை இதழில் வைக்கமாட்டார், அந்தத் துளையில் வைப்பார். இரண்டு வகையையும் எடுத்து ஜோடியாக அடுக்குவார்.

ஓக், பீச் மரங்கள் இலைவிட்டு வெளிச்சத்தை மூடுவதற்குள் அவசரமாகப் பூத்து முடிப்பது ப்ளூபெல். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரின் ஆஷ்ரிட்ஜ் போன்ற காடுகளில் அப்போது தரையெல்லாம் நீலம். உலகத்து ப்ளூபெல்களில் ஏறக்குறையப் பாதி பிரிட்டனில்தான் இருக்கிறது என்பது மதிப்பீடு. எல்லோரும் அந்த நீலப் பரப்பை எடுப்பார்கள். எனக்கு ஒற்றைத் தண்டே போதும். நாட்டு வகையின் தண்டு ஒரு பக்கமாகத் தலைசாய்க்கும். குறுகிய குழல்மணிகள் அந்தப் பக்கமே தொங்கும். இதழ் நுனிகள் பின்னோக்கிச் சுருண்டிருக்கும். மகரந்தம் பாலாடை வெண்மை. தோட்டங்களிலிருந்து தப்பி வந்த ஸ்பானிஷ் வகையோ நிமிர்ந்து நின்று சுற்றிலும் பூக்கும். உச்சி வெயிலின் ஒளித்திட்டுகள் இந்த நீலத்தைக் கெடுத்துவிடும். மெல்லிய மேகம் போர்த்திய, காற்றில்லாத காலைதான் இதற்குத் தோது.

என் மனம் அதிகம் தங்குவது ஜூனில் சுண்ணாம்புப் புல்வெளிகளில் பூக்கும் தேனீ ஆர்க்கிடிடம். இளஞ்சிவப்பான மூன்று வெளியிதழ்களின் நடுவே, பெண் தேனீ வந்து அமர்ந்தது என்றே நம்பும்படி, பழுப்பு வெல்வெட்டாய் ஓர் உதடு. ஆண் தேனீயை ஏமாற்ற உருவான வேஷம் அது. தென் ஐரோப்பாவில் அது பலிப்பதுண்டு. பிரிட்டனில் இந்த ஆர்க்கிட் பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக்கொள்கிறது. மகரந்தத் திரள்கள் இரண்டும் மெல்லிய காம்புகளோடு பையிலிருந்து நழுவி, முன்புறம் வளைந்து தொங்கும்; காற்றில் ஆடி, கீழேயுள்ள சூலகமுடியில் போய் ஒட்டும். முன்னாலிருந்து எடுத்த படத்தில் வேஷம் மட்டுமே தெரியும். பக்கவாட்டில் படுத்து மேக்ரோ லென்ஸை வைத்தால் அந்த மஞ்சள் திரள்கள் அந்தரத்தில் தொங்குவதே படமாகும். இந்தக் கோணத்துக்காக எத்தனை நேரம் ஈரப் புல்லில் கிடந்தாலும் தகும்.

இந்தக் கலைக்கு ஓர் ஒழுக்கம் உண்டு. குறுக்கே நிற்கும் புல்லைப் பிடுங்காமல் ஒதுக்கிவிட வேண்டும். ப்ளூபெல்லின் இலை மிதிபட்டால் கிழங்குக்கு உணவு சேராது. அந்தச் செடி தேற ஆண்டுகள் ஆகும். பூவைக் காப்பதற்காகப் படத்தை இழப்பதில் ரசனைக்கு ஒரு குறையும் இல்லை.

1930களுக்குப் பிறகு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பூ நிறைந்த புல்வெளிகளில் 97 விழுக்காடு அழிந்துவிட்டது. மிஞ்சியது எங்கே என்று அறிவதில் நடைபயணிகளுக்குப் பெரும் பங்குண்டு. பிரிட்டன், அயர்லாந்து தாவரவியல் கழகம் 2023இல் வெளியிட்ட தாவரப் பரவல் தொகுப்பு, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் நடந்து நடந்து சேர்த்த பதிவுகளால் ஆனது. ஆகவே பூவோடு இலையையும் சுற்றியுள்ள நிலத்தையும் ஒரு படம் எடுங்கள். இடத்தையும் தேதியையும் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே இடத்துக்குப் போய், அந்தப் பூ இன்னும் இருக்கிறதா என்று பார்க்கிறவரே என் கணக்கில் முழு ரசிகர்.